குறைமாதக் குழந்தையின் விழித்திரை: முப்பது நாளுக்குள் ஏன் பார்க்க வேண்டும்?

கேள்வி: மேலூர் அருகிலிருந்து எழுதுகிறேன். என் மகள் 31 வாரத்தில், 1,450 கிராம் எடையில் பிறந்தாள். சில நாள் ஆக்சிஜன் கொடுத்தார்கள். பிறந்து 25 நாள் ஆகிறது, வீட்டுக்கு வந்துவிட்டோம். விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்லிச் சீட்டில் எழுதியிருக்கிறார்கள். கண் தெளிவாகத்தான் இருக்கிறது. மூன்று மாதம் வரை வெளியே தூக்கிப் போக வேண்டாம் என்கிறார் மாமியார். பொறுக்கலாமா? ஆக்சிஜன் கண்ணைக் கெடுத்திருக்குமா?

பதில்: பொறுக்கக் கூடாது அம்மா. பிறந்த 30 நாளுக்குள் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இந்த வாரமே மதுரைக்கு வாருங்கள்.

கண் வெளியே தெளிவாக இருப்பது எதற்கும் சான்று ஆகாது. சிக்கல் வருவது உள்ளே, ஒளியை உணரும் திரையான விழித்திரையின் விளிம்பில். விழித்திரை ரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் 16-ஆவது வாரம் வாக்கில் பார்வை நரம்பின் முனையில் தொடங்கி விளிம்பை நோக்கி வளர்கின்றன. மூக்குப் பக்க விளிம்பைச் சுமார் 36 வாரத்திலும், காதுப் பக்க விளிம்பைச் சுமார் 40 வாரத்திலும் தொடுகின்றன. கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்குக் கடைசியில்தான் வரும் என்பது மேலூர்க்காரர்களுக்குத் தெரியாததா? உங்கள் மகள் பிறந்தபோது அந்தக் கடைமடைக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை.

குழாய்களுக்கு வழிகாட்டுவது செல்கள் அனுப்பும் சமிக்ஞைகள். குழாய் எட்டாத இடத்திலுள்ள செல்கள் ஆக்சிஜன் குறைவை உணர்ந்து விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. குழாயின் நுனி அது செறிந்திருக்கும் திசையில் நகர்கிறது. ரத்தம் வந்ததும் சுரப்பு தணிகிறது. கருப்பையில் ஆக்சிஜன் இயல்பாகவே குறைவு என்பதால் இது பிசகாமல் நடக்கும். வெளியுலகிலோ சாதாரணக் காற்றிலேயே ஆக்சிஜன் அதிகம்; சிகிச்சையில் தருவது அதற்கும் மேல். சுரப்பு அடங்கிவிடுகிறது, குழாய்கள் பாதி வழியில் நிற்கின்றன. தாயிடம் இருந்தவரை போதிய அளவில் இருந்த ஐஜிஎஃப்-1 என்ற புரதமும் குறைந்துபோகிறது. அது போதாவிட்டால் விஇஜிஎஃப் இருந்தும் குழாய் சரியாக வளராது. எடை மெதுவாக ஏறும் குழந்தைகளைப் பற்றி நாங்கள் அதிகம் கவலைப்படுவது இதனால்தான்.

சில வாரங்களில் நிலைமை தலைகீழாகிறது. விழித்திரை முதிர முதிர ஆக்சிஜன் தேவை கூடுகிறது. குழாய் இல்லாத விளிம்பு தவித்துப்போய் விஇஜிஎஃப்பை அளவுமீறிச் சுரக்கிறது. முறையற்ற குழாய்கள் முளைக்கின்றன. முற்றினால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். இந்தத் திருப்பம் பெரும்பாலும் கர்ப்பக் கணக்கில் 32 வாரத்துக்குப் பிறகு வரும். பிறந்தபோதிருந்த 31 வாரத்தோடு இந்த 25 நாளையும் சேர்த்தால், உங்கள் மகள் 34 வாரத்தைக் கடந்துவிட்டாள்.

ஆக்சிஜனைப் பழிக்காதீர்கள். நுரையீரல் முதிராத குழந்தைக்கு அதுதான் உயிர். 1950-களின் தொடக்கம் வரை கணக்கில்லாமல் கொடுத்ததால் உலகெங்கும் ஏராளமான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். பின்பு அளவுமீறிக் குறைத்ததில் உயிர்கள் போயின. இன்று ரத்தத்தில் உள்ள அளவைக் கருவியில் பார்த்தபடியே கொடுக்கிறார்கள்.

தொற்று பற்றிய மாமியாரின் பயம் நியாயமானது. அவரையும் அழைத்துக்கொண்டு, கூட்டம் சேருமுன் காலையில் வாருங்கள். பிறந்த வாரமும் எடையும் எழுதிய சீட்டு அவசியம். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு பாலை நிறுத்துங்கள். சொட்டு மருந்து விட்டு இமையை விரித்துப் பார்க்கும்போது குழந்தை அழுவாள், பயப்பட வேண்டாம்.

பல குழந்தைகளுக்குச் சிகிச்சையே தேவைப்படாது. குழாய்கள் விளிம்பைத் தொடும்வரை, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்துவிட வேண்டும்: விஇஜிஎஃப் சுரக்கும் விளிம்பை லேசரால் அடக்கலாம், அல்லது அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசியைக் கண்ணுக்குள் போடலாம். ஊசி போட்ட கண்ணில் பல வாரம் கழித்தும் நோய் திரும்பலாம். அதனால் ஊசி போட்டாலும் மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை வந்துகொண்டே இருங்கள்.