வண்டி ஸ்பிரிங் பட்டையில் ஒரு நாட்டு வாள்: கேள்வி பதில்

காயலான் கடைச் சாமான்களை வைத்து, பட்டறையில் கையால் ஒரு வாள் அடிப்பது பற்றிய கேள்விகள் இவை. சுவரில் மாட்டுவதற்கான, கூர் ஏற்றாத வாள்தான் கணக்கு: அலகு 60 செ.மீ., அகலம் 4 செ.மீ., பிடிக்குள் போகும் காம்பு 14 செ.மீ.

கே: அண்ணே, காயலான் கடையில எதைப் பார்த்து எடுக்கணும்? கட்டடக் கம்பி மலிவா கிடக்கு, அது ஆகுமா?

ப: கட்டடக் கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டாது. எத்தனை முறை தோய்ச்சல் போட்டாலும் (சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தாலும்) விறைப்பு வராது, வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். கைக்காப்புக்கு (பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் குறுக்குத் துண்டுக்கு) மட்டும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள். அலகுக்கு வண்டியின் ஸ்பிரிங் பட்டைதான் சரி. அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை; கூடவே சிலிக்கானோ குரோமியமோ இருப்பதால் எண்ணெயிலேயே நன்றாக விறைக்கும்.

பெரிய லாரிப் பட்டை 10, 12 மி.மீ. கனம் இருக்கும். அதைக் கையால் 5 மி.மீ.க்கு இறக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஜீப், சின்ன லோடு வண்டிப் பட்டை 6 முதல் 8 மி.மீ. வரைதான் இருக்கும், அதைக் கேளுங்கள். அரத்தில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல். சின்னக் கத்திக்கு அருமை, இவ்வளவு நீள அலகுக்கு நொறுங்கும். தண்டவாளத் துண்டு யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பதற்கென்றே 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஷாக் அப்சார்பரை அப்படியே உலையில் வைத்தால் வெடிக்கும். துத்தநாகம் பூசிய குழாய், குரோமியம் பூசிய சாமான் எதுவும் நெருப்புக்கே போகக்கூடாது. அந்தப் புகை ஆளைப் படுக்க வைத்துவிடும்.

கே: பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். பட்டை லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்துதான் கடைக்கு வந்திருக்கிறது. சோர்வு விரிசல் பெரும்பாலும் நடு போல்ட் ஓட்டையைச் சுற்றியும், முனைச் சுருளின் கழுத்திலும், இன்னொரு பட்டை உரசிய தடத்திலும் தொடங்கும்.

கம்பிப் பிரஷ் போட்டு, துருவைக் கிரைண்டரில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். மண்ணெண்ணெய் தடவி 15 நிமிடம் ஊற விடுங்கள். துணியால் ஒட்டத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் மெல்ல மேலே கசியும்; வெள்ளைப் பொடியில் தலைமுடி கிடப்பது போல ஒரு ஈரக்கோடு தெரியும். கோடு தெரிந்த இடத்தோடு இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் சேர்த்து வெட்டி எறியுங்கள். அடித்தால் விரிசல் ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒட்டாது. உள்ளே துரு இருக்கும்வரை அது மூடிக்கொள்ளுமே தவிரச் சேராது. தோய்ச்சல் போடும்போது அங்கேதான் பிளக்கும்.

கே: எவ்வளவு நீளம் வெட்டி எடுக்க வேண்டும்?

ப: 70 மி.மீ. அகலம், 7 மி.மீ. கனமுள்ள பட்டை என்று வைத்துக்கொள்வோம். நடு ஓட்டையை விட்டுவிட்டு ஒரு பக்கத்தில் 50 செ.மீ. எடுங்கள். 1 மி.மீ. வெட்டுத்தகடு போட்ட கிரைண்டரால் நீளவாக்கில் பிளந்தால் 35 மி.மீ. அகலத்தில் இரண்டு துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 960 கிராம். சூட்டில் உரியும் செதில், சாணைப் பொடி எல்லாம் போக அலகும் காம்பும் 650 கிராம் அளவில் நிற்கும். இரண்டாவது துண்டை எறியாதீர்கள், முதல் வாள் தோய்ச்சலில் போனால் அதுதான் கைகொடுக்கும்.

கே: சார், உலைக்கு நிலக்கரியா, மரக்கரியா? பிரேக் டிரம் உலை போதுமா?

ப: சீமைக்கருவேலக் கரி போதும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டை மூட்டையாகச் சுடுகிறார்கள், விலையும் கட்டுப்படியாகும். கரியை எலுமிச்சை அளவுக்கு உடைத்துப் போடுங்கள். பெரிய கட்டிகளுக்கு நடுவே காற்று அப்படியே ஓடி இரும்பைச் செதிலாக உரிக்கும்.

அடிக்கும் வேலைக்கு டிரம் உலை போதும். ஒரு சூட்டுக்கு 15 செ.மீ. மட்டும்தானே அடிக்கப்போகிறீர்கள். தோய்ச்சலுக்கு முழு அலகும் ஒரே நிறத்தில் வர வேண்டும், அதற்கு டிரம் ஆகாது. தரையில் 75 செ.மீ. நீளம், ஒரு சாண் அகலம், அதே ஆழத்தில் குழி வெட்டி, அடியில் 5 செ.மீ.க்கு ஒரு துளை போட்ட இரும்புக் குழாயைப் புதைத்து, ஒரு முனையில் புளோயர் மாட்டுங்கள். நீள உலை தயார்.

கே: விளிம்பைத் தட்டத் தட்ட அலகு வாழைப்பழம் மாதிரி வளையுது. என்ன தப்பு?

ப: தப்பே இல்லை, இரும்பின் குணம் அது. மெலிகிற பக்கம் நீளும். நீண்ட பக்கம் வெளியே தள்ளும். ஒரு பக்க விளிம்பு வாள் என்றால் முதலிலேயே விளிம்புப் பக்கமாகக் கொஞ்சம் உள்வளைத்து வைத்துவிட்டுத் தட்டுங்கள், தானே நிமிரும். இருபக்க விளிம்பு என்றால் ஒரு சூட்டுக்கு ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றி அடியுங்கள்.

மஞ்சள் கலந்த ஆரஞ்சில் அடிக்கத் தொடங்கி, மங்கிய சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே ஒரு அடி கூட வேண்டாம். உலையிலிருந்து எடுக்கும்போது மத்தாப்பு போலப் பொறி பறந்தால் அந்த இடம் கருகிவிட்டது, வெட்டிவிடுங்கள். முதுகில் 5 மி.மீ., முனையருகே 3 மி.மீ., விளிம்பு ஒன்றரை மி.மீ. என்று விடுங்கள். விளிம்பை இப்போதே மெலிதாக்கினால் எண்ணெயில் அலை அலையாக நெளியும்.

கே: காம்பும் அலகும் சேரும் இடத்தில்தான் உடையும் என்கிறார்கள். வெல்டிங் வைத்துக் காம்பு சேர்க்கலாமா?

ப: கூடாது. காம்பு அதே இரும்பில் நீட்டியதாக இருக்க வேண்டும். அலகு காம்பாகக் குறுகும் தோளைச் செங்கோணமாக வெட்டுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. உள்மூலையில் சுண்டுவிரல் கனமுள்ள உருட்டு அரத்தைப் போட்டு வளைவாக எடுங்கள். கூரான மூலை ஒரு விரிசலுக்குப் பாதி வழி. காம்பு தோளருகே குறைந்தது 18 மி.மீ. அகலம் இருக்கட்டும்.

கே: தோய்ச்சல் போடும் முறையை விவரமாகச் சொல்லுங்கள் ஐயா. தண்ணீரில் போட்டேன், ‘டிங்’ என்று ஒரு சத்தம்.

ப: அந்தச் சத்தம் விரிசல்தான். இந்த இரும்புக்குத் தண்ணீர் ஆகாது.

முதலில் சுத்தியல் அடியின் இறுக்கத்தைப் போக்க வேண்டும். அலகு முழுவதையும் செஞ்சூடாக்கி, காற்றில் கறுக்கும்வரை ஆற விடுங்கள். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சூட்டை ஒரு படி குறைத்து. இதை விட்டுவிட்டால் இரும்புக்குள்ளே மணி (படிகத் துகள்) பெருத்துப்போய் அலகு பிஸ்கட் போல உடையும்.

எண்ணெய்க்கு 4 அங்குல விட்டம், 85 செ.மீ. உயரக் குழாயின் அடியை மூடிப் பற்றவைத்து நிறுத்துங்கள். 6 லிட்டர் கடலை எண்ணெயோ பாமாயிலோ போதும். ஓடிய இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம், அதில் ஈயம் முதல் எல்லாம் கலந்திருக்கும். காய்ச்சிய கம்பியை முக்கி எண்ணெயை 50, 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சூடான எண்ணெய் மெதுவாகக் குளிர்விக்கும் என்று தோன்றும். உண்மையில் இளகிய எண்ணெய் அலகைச் சுற்றி நன்றாக ஓடுவதால் வேகமாகவே குளிர்விக்கும்.

வேலையை அந்தி மங்கும் நேரத்தில் வையுங்கள், வெயிலில் நிறம் ஏமாற்றும். காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரி அருகே. அங்கே நிற்காதீர்கள், அதற்கும் ஒரு சாயல் மேலே, 830 முதல் 850 வரை போக வேண்டும். முனை மெல்லியது, முந்திக்கொண்டு சிவக்கும். அலகை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருங்கள். நிறம் சீரானதும் முனை கீழாக, நேராக, ஒரே மூச்சில் இறக்குங்கள். மேலும் கீழும் அசைக்கலாம், பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். தீ எழும்பும்: தோல் கையுறை, குழாய்க்கு மூடி, பக்கத்தில் ஒரு வாளி மணல். தண்ணீர் அங்கே இருக்கவே கூடாது.

8, 10 விநாடியில் எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வளைந்திருந்தால் அதே சூட்டில், கையுறையோடு, மரக்கட்டை மேல் அழுத்தி நிமிர்த்தலாம். முழுக்க ஆறிய பிறகு நிமிர்த்தப் பார்த்தால் இரண்டு துண்டு. ஆறியதும் அரம் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது.

கே: தோய்ச்ச அலகை மிதமாகச் சூடாக்கி, நொறுங்காதபடி பதம் இறக்க வீட்டில் மின் அடுப்பு (அவன்) இல்லை. நாளைக்குச் செய்தால் ஆகாதா?

ப: நாளைக்கு வரை வைக்காதீர்கள்; தோய்ச்ச அலகு நின்ற நிலையிலேயே வெடிப்பதுண்டு. வீட்டு அவனில் 60 செ.மீ. நுழையவும் நுழையாது. பூச்சில்லாத நீள இரும்புத் தட்டில் உலர்ந்த ஆற்று மணலைப் பரப்பிக் கரி மேல் வைத்து, அலகின் ஒரு பக்கத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துப் புதையுங்கள். அடிக்கடி எடுத்து நிறம் பாருங்கள். முதலில் வைக்கோல், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ, அதன்பின் நீலம். கத்திக்கு வைக்கோலில் நிறுத்துவார்கள். வாளுக்கு நீலம் வரை, ஏறக்குறைய 300 டிகிரி. ஆற விட்டு இன்னொரு முறை செய்யுங்கள்.

கே: நாட்டு வேலை போலத் தெரிய என்ன செய்யலாம்? டமாஸ்கஸ் வாளில் தெரியும் நீரலைக் கோலம் வருமா?

ப: வராது. பழைய உருக்கின் கோலம் ஒன்றரை சதவீதக் கார்பன் கொண்ட மூசையில் (மண் குடுவையில்) உருக்கிய இரும்பிலிருந்து வருவது; பட்டை ஒரே சீரான இரும்பு. அலகின் நடுப்பகுதியில் சுத்தியல் தடத்தை விட்டு, விளிம்பை மட்டும் தேய்த்துவிடுங்கள். அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, சோடா உப்பில் கழுவினால் சாம்பல் கறுப்பு வரும். ஆனால் மடிப்பு விழுந்த அடியை ‘நாட்டு வேலை’ என்று விட்டுவைக்காதீர்கள், அது விரிசல்.

கே: பிடிக்கு?

ப: பழைய ஜன்னல் சட்டத் தேக்கு. பாதியாகப் பிளந்து, காம்பு அளவுக்குக் குடைந்து, அரக்கோடு செங்கல்பொடி கலந்து உருக்கி நிரப்பி, 5 மி.மீ. பித்தளைக் கம்பியில் இரண்டு ஆணி அடியுங்கள். பிடியின் கடைசிக் குமிழுக்குப் பெரிய நட் ஒன்றே போதும்.

கே: வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் பிரச்சினை வருமா?

ப: 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாள் பெயர் சொல்லியே இருக்கிறது, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளும் அந்த வகையில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் பயனுக்கான கருவிகளுக்குத்தான் விலக்கு. அதனால் அரிவாள் அடிப்பதும் வாள் அடிப்பதும் ஒன்றல்ல. உலை மூட்டும் முன்பே உங்கள் காவல் நிலையத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். வெளியே எடுத்துப் போகாதீர்கள், விற்காதீர்கள்.

கே: துருப் பிடிக்காமல் இருக்க?

ப: மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, துணியில் தொட்டு. தோல் உறைக்குள் வைக்காதீர்கள், ஈரம் தங்கும்.