அனிதா முய்: மேடையிலிருந்து திரைக்கு – கேள்வி பதில்

ஹாங்காங் பாடகியும் நடிகையுமான அனிதா முய் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: ஜாக்கி சானின் 'ட்ரங்கன் மாஸ்டர் 2'இல் சித்தியாக வந்து கலக்குவாரே, அவர் பாடகியா?

பதில்: பாடகிதான், அதுவும் முன்னணிப் பாடகி. கணவருக்குத் தெரியாமல் மாஜாங் என்ற சீனச் சூதாட்டம் ஆடிக்கொண்டு, மகனைச் சண்டைக்கு உசுப்பிவிடும் அந்தச் சித்தி, மகனாக நடித்த ஜாக்கியைவிட ஒன்பது வயது சின்னவர்! அவர் பிறந்தது 1954, இவர் பிறந்தது 1963.

கேள்வி: பாட்டு உலகத்துக்கு எப்படி வந்தார்?

பதில்: 1982இல் டிவிபி தொலைக்காட்சி நடத்திய புதுமுகப் பாடகர் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். ஆனால் மேடை ஏறியது அதற்கு ரொம்ப முன்னால். அப்பா சீக்கிரமே இறந்துவிட, பள்ளிக்கூட வயதிலேயே அக்கா ஆனுடன் லாய் சீ கொக் கேளிக்கைப் பூங்காவில் பாடிச் சம்பாதித்தவர். சினிமாப் பாட்டு, சீன நாடகப் பாட்டு, கூட்டம் எதைக் கேட்டாலும் பாட வேண்டும். எந்த நடிப்புப் பள்ளியும் இதைவிட நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்காது என்பேன்.

கேள்வி: பாட்டை விட்டுவிட்டா நடிக்கப் போனார்?

பதில்: இல்லை, இரண்டும் கூடவே நடந்தன. 80களில் ஹாங்காங்கில் லெஸ்லி சியுங், ஆண்டி லாவ் என்று பலரும் அப்படித்தான். 1984இல் வந்த 'பிஹைண்ட் தி யெல்லோ லைன்' படத்துக்காகத் துணை நடிகை விருது வாங்கினார். அடுத்த வருடமே 'கெட்ட பெண்' ஆல்பம் வந்து ஊரே பேசியது.

கேள்வி: 'ரூஜ்' படத்தை ஏன் எல்லோரும் இவ்வளவு புகழ்கிறார்கள்?

பதில்: ஸ்டான்லி குவான் இயக்கியது. 1930களில் காதலனோடு சேர்ந்து அபினி தின்று செத்த தாசி, ஐம்பது வருடம் கழித்து ஆவியாக வந்து அவனைத் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறாள். காதலன் லெஸ்லி சியுங். தொடக்கத்திலேயே அனிதா ஆண் வேடத்தில் நின்று 'நான்யின்' என்ற பழைய கான்டனீஸ் கதைப்பாட்டு ஒன்றைப் பாடுகிறார். குரல் தாழ்ந்து, கனமாக வரும். பாடிக்கொண்டே லெஸ்லியைப் பார்க்கும் பார்வையைக் கவனியுங்கள். மிகை ஒரு துளி கிடையாது. பாட்டு மேடையில் பளபள உடையும் அதிரடி ஆட்டமுமாக இருந்தவரா இவர் என்று தோன்றும். அவள் ஆவி என்று நம்ப வைப்பதற்கு மாயாஜாலம் எதுவும் கிடையாது, நிதானமான நடையும் பேச்சும் மட்டும்தான். தைவானின் கோல்டன் ஹார்ஸ், ஹாங்காங் திரைப்பட விருது இரண்டிலும் சிறந்த நடிகை விருது கிடைத்தது. படத்தின் பெயர்ப் பாட்டும் அவர் பாடியதே.

கேள்வி: 'ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டேகர்ஸ்' படத்தில் அவர் பெயர் வருகிறதே, ஆனால் ஆளைக் காணோம்?

பதில்: அவருக்கு அதில் ஒரு பாத்திரம் இருந்தது. படமாவதற்குள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 2003 டிசம்பர் 30 அன்று, நாற்பது வயதில் இறந்துவிட்டார். இயக்குநர் ஜாங் யீமோ வேறு யாரையும் போடாமல் கதையை மாற்றி, படத்தை அவருக்கே காணிக்கையாக்கினார். லெஸ்லியும் அதே வருடம் ஏப்ரலில் போய்விட்டார். நோய் முற்றிய நிலையிலும் அனிதா நவம்பரில் ஹாங்காங் கொலிசியம் உள்ளரங்கில் எட்டு இரவு பாடினார். கல்யாண கவுன் போட்டுக்கொண்டு வந்து, நான் மேடையைக் கட்டிக்கொண்டவள் என்றார். கல்யாணம் ஆகாதவர்.

கேள்வி: எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: முதலில் 'ரூஜ்'. அப்புறம் ஆன் ஹுய் இயக்கிய 'ஜூலை ராப்சடி' (2002). ஜாக்கி சியுங் (ஜாக்கி சான் இல்லை, பாடகர்) கணவர், இவர் அமைதியான வீட்டு மனைவி. சும்மா ஜாலிக்கு என்றால் மிஷெல் யோ, மேகி சியுங்கோடு சேர்ந்து நடித்த 'ஹீரோயிக் ட்ரையோ'. 2021இல் வந்த 'அனிதா' என்ற வாழ்க்கைப் படத்தைக் கடைசிக்கு வையுங்கள், நிஜ அனிதாவைப் பார்க்காமல் அதில் பாதி புரியாது.