கேள்வி–பதில்: அமெரிக்க ஃபெடரல் நீதிபதிகள்

கேள்வி: அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் இருக்கும் மாவட்ட நீதிபதி, ஜனாதிபதி போட்ட உத்தரவையே நிறுத்திவைக்கிறார் என்று செய்தி வருகிறது. ஒரு மாவட்ட நீதிபதிக்கு அவ்வளவு அதிகாரமா?

பதில்: நம்மூர் மாவட்ட நீதிபதியை மனதில் வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே நீதிமன்றங்கள் இரண்டு வரிசை. மாநிலங்கள் நடத்துபவை ஒன்று, ஃபெடரல் அரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு உரியவை இன்னொன்று. செய்தியில் அடிபடுகிறவர்கள் இரண்டாவது வரிசையின் முதல் படியில் இருப்பவர்கள். நாடு முழுவதும் 94 ஃபெடரல் மாவட்டங்கள், அவற்றுக்கு 677 நீதிபதி இடங்கள். ஜனாதிபதி நியமித்து, நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் ஒப்புதல் தந்து வருகிறவர்கள் இவர்கள். குவாம் போன்ற பிரதேசங்களில் உள்ள சிலரைத் தவிர, பதவிப் பாதுகாப்பில் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கும் இவர்களுக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது.

கடிவாளமும் இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுக்காமல் போடும் அவசரத் தடை 14 நாளில் காலாவதியாகிவிடும். தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு 14 நாள் நீட்டலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரு தரப்பையும் கேட்டு இடைக்காலத் தடை போட வேண்டும். வழக்கு முடியும்வரை காத்திராமல் அதை எதிர்த்து உடனே அப்பீல் போகலாம். 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் இன்னொரு முடிச்சும் போட்டது: வழக்குப் போட்டவருக்கு முழு நிவாரணம் கிடைக்கத் தேவையான அளவைத் தாண்டி, நாட்டில் உள்ள எல்லோருக்குமாகத் தடை கொடுக்கக் கூடாது. அன்றிலிருந்தே வக்கீல்கள் கூட்டு வழக்குகளாகப் போடத் தொடங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கேள்வி: இந்தப் பதவிக்கு என்ன படித்திருக்க வேண்டும்? தேர்வு உண்டா?

பதில்: அரசியல் சாசனத்தில் ஒரு தகுதியும் சொல்லப்படவில்லை. வயது, சட்டப் பட்டம், தேர்வு எதுவும் கிடையாது. நடைமுறையில் அரசு வக்கீல்களும், பெரிய வக்கீல் அலுவலகங்களில் பங்குதாரராக இருந்தவர்களும், மாநில நீதிபதிகளும்தான் வருகிறார்கள். எஃப்.பி.ஐ. பின்னணி விசாரணை, செனட் குழுவின் நீண்ட கேள்வித்தாள், பொது விசாரணை, பிறகு வாக்கெடுப்பு. மாவட்ட நீதிபதி என்றால் அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களும் 'நீலச் சீட்டு' என்ற சம்மதத் தாளைத் திருப்பித் தர வேண்டும். இது சட்டமில்லை, சுமார் நூறு வருஷ வழக்கம். ஆனாலும் ஒருவர் தராவிட்டால் பெயர் அங்கேயே நின்றுவிடும். அப்பீல் நீதிபதிகள் விஷயத்தில் மட்டும் சில ஆண்டுகளாக இதைப் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: அந்தக் காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே குதிரையில் ஊர் ஊராகப் போனார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. 1789 செப்டம்பர் 24 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்ட நீதித்துறைச் சட்டம் 13 மாவட்டங்களை உருவாக்கியது. வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் அப்போது இன்னும் ஒன்றியத்தில் சேரவில்லை. சேர்ந்திருந்த 11 மாநிலங்களோடு, மாசசூசெட்ஸிலிருந்து மேய்ன் பகுதியும் வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிப் பகுதியும் தனி மாவட்டங்கள் ஆனதால்தான் 13. மாவட்டத்துக்கு ஒரு நீதிபதி. வருஷச் சம்பளம் டெலவேரில் 800 டாலர், அதிகபட்சம் 1,800. கப்பல், சுங்கவரி வழக்குகள்தான் பெரும்பாலும் அவர்களிடம் வந்தன.

பெரிய வழக்குகளுக்கு இதற்கு மேலே சர்க்யூட் நீதிமன்றம் என்று ஒன்று வைத்தார்கள். விசித்திரம் என்னவென்றால், அதற்குத் தனி நீதிபதியே கிடையாது. உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஆறு பேரில் இரண்டிரண்டு பேர், கிழக்கு, மத்திய, தெற்கு என்ற மூன்று சுற்றுகளிலும் வருஷத்துக்கு இரண்டு தடவை ஊர் ஊராகப் போய், உள்ளூர் மாவட்ட நீதிபதியையும் சேர்த்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். தெற்குச் சுற்று ஆயிரம் மைலுக்கு மேல். பாலமில்லாத ஆறுகள், சத்திரத்தில் முன்பின் தெரியாதவரோடு ஒரே படுக்கை. அந்த ஆறு பேரில் ஒருவரான ஜேம்ஸ் ஐரடெல் இதைப் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதினார். இன்னொரு நீதிபதி தாமஸ் ஜான்சன் 1793-ல் பதவியையே விட்டுவிட்டார்.

உடல் கஷ்டத்தை விடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. சுற்றில் தீர்ப்புச் சொன்னவரே, அதன் அப்பீலைக் கேட்கவும் உச்ச நீதிமன்றத்தில் வந்து உட்காருவார். 1792-ல் ஆறு பேரும் சேர்ந்து வாஷிங்டனுக்கு எழுதினார்கள். கிடைத்தது பாதி நிவாரணம்: 1793 முதல் இரண்டு பேருக்குப் பதில் ஒருவர் போனால் போதும்.

1801-ல் பதவி முடியப்போகும் ஜனாதிபதி ஆடம்ஸின் அரசு 16 தனி சர்க்யூட் நீதிபதி இடங்களை உருவாக்கி, தங்கள் ஆட்களைக் கொண்டு நிரப்பியது. அடுத்து வந்த ஜெஃபர்ஸன் தரப்பு 1802-லேயே சட்டத்தை ரத்து செய்ய, ஆயுள் பதவி என்று நம்பி வந்த 16 பேருக்கும் இருக்க நீதிமன்றமே இல்லாமல் போனது. சீர்திருத்தம் நல்லதுதான், போட்ட நேரம்தான் கெட்டது. அதற்கு விலையாக இன்னும் பல பத்தாண்டுகள் பயணம் தொடர்ந்தது. 1869-ல் சுற்றுக்கு ஒருவராக ஒன்பது சர்க்யூட் நீதிபதிகள் வந்தார்கள். 1890-ல் உச்ச நீதிமன்றத்தில் 1,800 வழக்குகளுக்கு மேல் தேங்கிய பிறகுதான் 1891 சட்டம் தனி அப்பீல் நீதிமன்றங்களை அமைத்தது. பழைய சர்க்யூட் நீதிமன்றங்கள் 1912 ஜனவரி 1 அன்று மறைந்தன.

கேள்வி: ஓய்வு வயதே இல்லையாமே? தள்ளாத வயதிலும் உட்கார்ந்திருந்தால்?

பதில்: ஆமாம், ஓய்வு வயது கிடையாது. கன்சாஸில் 1962-ல் நியமனமான வெஸ்லி பிரவுன், 2012 ஜனவரியில் 104 வயதில் இறக்கும்வரை நீதிபதிதான். கடைசி நாட்களில் ஆக்ஸிஜன் குழாயோடு நீதிமன்றத்தில் உட்கார்ந்தார்.

ஆனால் பெரும்பாலோர் அப்படி ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. '80 விதி' என்று ஒன்று உண்டு. 65 வயதும் 15 வருஷ சேவையும் இருந்தால் கூட்டுத்தொகை 80. வயது ஒவ்வொன்று ஏற ஏற சேவை ஒவ்வொன்று குறையலாம், 70 வயதுக்கு 10 வருஷம் போதும். அதை எட்டியவர் முழுச் சம்பளத்தோடு விலகலாம், அல்லது 'சீனியர்' நிலைக்குப் போய்க் குறைந்த வழக்குகளைப் பார்க்கலாம். முழுநேர நீதிபதி ஒருவர் மூன்று மாதத்தில் செய்யும் அளவுக்காவது வருஷத்தில் வேலை பார்த்தால், பிற்பாடு வரும் சம்பள உயர்வும் அவருக்குக் கிடைக்கும். அவர் சீனியர் ஆன உடனே இடம் காலியாகிப் புது நியமனம் நடக்கும் என்பதால், எந்தக் கட்சி ஜனாதிபதி இருக்கிறார் என்று பார்த்து நாள் குறிப்பவர்களும் உண்டு.

வலுக்கட்டாயமாக நீக்க ஒரே வழி, கீழவையான பிரதிநிதிகள் சபை குற்றம்சாட்டி செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தண்டிப்பது. இதுவரை 15 ஃபெடரல் நீதிபதிகள் மீது சபை குற்றம்சாட்டி, எட்டுப் பேரை செனட் நீக்கியிருக்கிறது. முதலாமவர் 1804-ல் நியூ ஹாம்ப்ஷயரின் ஜான் பிக்கரிங். 1989-ல் நீக்கப்பட்ட அல்சீ ஹேஸ்டிங்ஸ், 1992-ல் அதே பிரதிநிதிகள் சபைக்கு உறுப்பினராகத் தேர்வாகிப் போனார்!

கேள்வி: ஒரு மாவட்ட நீதிபதியின் அன்றாட வேலை என்ன? சினிமாவில் காட்டுவதுபோல் தினமும் ஜூரி விசாரணையா?

பதில்: ஜூரி விசாரணை அபூர்வம். சிவில் வழக்குகளில் நூற்றில் ஒன்றுகூட விசாரணைவரை போவதில்லை. குற்ற வழக்குகளில் பத்தில் ஒன்பது பேர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். ஆகவே வேலை பெரும்பாலும் சேம்பரில், மேஜையில்.

வழக்குத் தாக்கலானதும் யாரிடம் போவது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முடிவுசெய்யும். ஒரே நீதிபதி உள்ள கிளை ஊராக இருந்தால் குலுக்கலுக்கே வேலையில்லை. வேண்டிய நீதிபதியைப் பார்த்து அந்த ஊரில் போய் வழக்குப் போடும் தந்திரம் அதனால்தான் வந்தது. 2024 மார்ச்சில், ஃபெடரல் நீதிமன்றங்களுக்குக் கொள்கை வகுக்கும் 'நீதித்துறை மாநாடு' என்ற அமைப்பு, மாநிலம் முழுவதற்கோ நாடு முழுவதற்கோ தடை கேட்கும் வழக்குகளை மாவட்டத்தின் எல்லா நீதிபதிகளுக்கும் பொதுவாகக் குலுக்குங்கள் என்றது. அது அறிவுரைதான், கட்டாயமில்லை.

நீதிபதிக்குக் கீழே இரண்டு, மூன்று லா கிளார்க்குகள், பெரும்பாலும் சட்டக் கல்லூரியை அண்மையில் முடித்தவர்கள், ஒன்றிரண்டு வருஷம் இருப்பார்கள். ஜாமீன், சோதனை வாரண்டு, ஆவணம் தர மறுக்கும் சண்டைகள் ஆகியவற்றை மாஜிஸ்திரேட் நீதிபதி பார்த்துக்கொள்வார். அவரை மாவட்ட நீதிபதிகளே எட்டு வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். மிச்சம் இருப்பதில் நேரத்தைத் தின்பது, விசாரணையே வேண்டாம், ஆவணங்களைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்கும் மனுக்கள். இணைப்புகளே ஆயிரக்கணக்கான பக்கம் வரும்.

இழுத்தடித்தால் சம்பளத்தில் கைவைக்க முடியாது. ஆனால் 1990 சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் மனுக்களும் மூன்று வருஷத்துக்கு மேல் நிற்கும் சிவில் வழக்குகளும் நீதிபதியின் பெயரோடு பட்டியலாக வெளியாகும். கெடு மார்ச் 31, செப்டம்பர் 30. அந்த இரண்டு மாதங்களின் கடைசி வாரத்தில் உத்தரவுகள் மளமளவென்று விழுவதை அங்குள்ள வக்கீல்கள் நன்கு அறிவார்கள். குற்ற வழக்குக்குக் கெடு இன்னும் கறார்: கைதிலிருந்து 30 நாளில் குற்றச்சாட்டு, அதிலிருந்து, அல்லது முதல்முறை ஆஜரானதிலிருந்து, 70 நாளில் விசாரணை. மனுக்கள் நிலுவையில் உள்ள நாட்களைக் கழித்துக்கொள்வதால்தான் நடைமுறையில் அது மாதக்கணக்கில் நீள்கிறது.

கேள்வி: தண்டனை எத்தனை வருஷம் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: ஒரு கட்ட அட்டவணை இருக்கிறது. இடப்பக்கம் குற்றத்தின் கடுமை 1 முதல் 43 வரை, மேலே முந்தைய குற்றப் பின்னணி ஆறு வகை. கடுமை 20, முன்குற்றம் இல்லாத முதல் வகை என்றால் கட்டத்தில் 33 முதல் 41 மாதம். காலத்தோடு குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்று புள்ளி கழியும். 17-க்கு வந்தால் 24 முதல் 30 மாதம். அதே 17, பின்னணி மூன்றாம் வகை என்றால் 30 முதல் 37.

இந்தப் புள்ளிகளை முதலில் போடுவது நன்னடத்தை அதிகாரி. அவருடைய அறிக்கை தண்டனை நாளுக்கு 35 நாள் முன்பே இரு தரப்புக்கும் போக வேண்டும், ஆட்சேபணைக்கு 14 நாள். சண்டை நடப்பது இந்த இடத்தில்தான். ஏமாற்றிய தொகை எவ்வளவு, கும்பலில் இவர் தலைவரா எடுபிடியா என்பதில் இரண்டு புள்ளி மாறினாலே பல மாதம் கூடும், குறையும். 1987-ல் வந்தபோது இந்த அட்டவணை கட்டாயம். 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆலோசனை என்று ஆக்கியது. இன்றும் நீதிபதி முதலில் கணக்கைச் சரியாகப் போட்டாக வேண்டும், பிறகே அந்தக் கணக்கிலிருந்து விலகலாம். கணக்கில் பிழை என்றால் அப்பீலில் திரும்பி வரும்.

கேள்வி: அப்பீல் நீதிபதிகளின் வேலை எப்படி?

பதில்: வட்டாரவாரியாக 12 சர்க்யூட்டுகள். முதலாவதில் 6 நீதிபதிகள், மேற்குக் கரையின் ஒன்பதாவதில் 29. மூன்று பேர் அமர்வு. சாட்சி இல்லை, ஜூரி இல்லை. எழுத்து வாதம் 13,000 சொல்லுக்குள் இருக்க வேண்டும், பதிலுரைக்கு 6,500. வாய்வாதம் கிடைத்தாலும் தரப்புக்குப் பத்து, பதினைந்து நிமிஷம்தான். நிறைய வழக்குகளுக்கு அதுவும் கிடையாது.

கெடுதான் ஆளை விழுத்தும். சிவில் வழக்கில் 30 நாள், அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60, குற்றவாளிக்கு 14. 2007-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கீத் பவுல்ஸ் வழக்கைப் பாருங்கள். அப்பீல் கெடுவைத் தவறவிட்ட அவருக்கு விதிப்படி 14 நாள் கூடுதல் அவகாசம்தான் தரலாம். மாவட்ட நீதிபதி தவறுதலாக 17 நாள் கொடுத்தார். அதை நம்பி, அந்த 17 நாளுக்குள், ஆனால் 14-ஐத் தாண்டித் தாக்கல் செய்தார்கள். அப்பீல் செல்லாது என்று 5–4-ல் தீர்ப்பு. நீதிபதி சொன்ன தேதியையும் சட்டப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டியது வக்கீலின் வேலை என்றாகிவிட்டது. கொடூரமான தீர்ப்பு என்றே தோன்றுகிறது.

கேள்வி: தமிழர்கள் யாராவது இருக்கிறார்களா?

பதில்: தலைநகர் வாஷிங்டன் சர்க்யூட்டின் தலைமை நீதிபதியாக 2020-ல் பொறுப்பேற்ற ஸ்ரீ சீனிவாசன், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். 2013-ல் செனட் அவரை 97–0 என்று ஏற்றது. தலைமைப் பதவிக்கு அங்கே தேர்வோ தேர்தலோ இல்லை. 65 வயது நிறையாதவர்களில் சேவையில் மூத்தவருக்குத் தானாக வரும், ஏழு வருஷம்.

கேள்வி: நீதிபதி பங்கு முதலீடு செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் வழக்கில் உள்ள நிறுவனத்தில் ஒரே ஒரு பங்கு இருந்தாலும் அந்த வழக்கிலிருந்து விலகியாக வேண்டும். மனைவி, கணவர், வீட்டிலுள்ள மைனர் பிள்ளை பெயரில் இருந்தாலும் அதே கதி. 2021-ல் ஒரு பத்திரிகை, 131 நீதிபதிகள் இப்படி விலகாமல் வழக்குக் கேட்டதை வெளிக்கொண்டுவந்தது. 2022 சட்டம் சொத்து அறிக்கைகளை இணையத்தில் போடச் செய்ததோடு, 1,000 டாலருக்கு மேற்பட்ட பங்கு பரிவர்த்தனைகளையும் 45 நாளுக்குள் தெரிவிக்கச் சொன்னது. பரவலான மியூச்சுவல் ஃபண்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. விவரம் தெரிந்தவர்கள் பதவியேற்கும்போதே தனிப் பங்குகளை விற்றுவிட்டு அங்கே மாறிவிடுகிறார்கள்.