பீஎச் மானி: வன்னியிலிருந்து நான்கு கேள்விகள்

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்று படித்தோம். அப்படியானால் கண்ணாடி மின்வாய் எப்படி வேலை செய்கிறது?
– உயர்தர மாணவி, கிளிநொச்சி

பீஎச் என்பது கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அமிலம் கூடினால் அது குறையும். அதை அளக்கும் கோலின் நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ்தான் இந்த மின்வாய். மெல்லிதாக ஊதினால் கண்ணாடியும் கொஞ்சம் கடத்தும். ஆனாலும் அந்தக் குமிழின் தடை நூறு மெகாஓம் அளவில் இருக்கும்.

நீரில் ஊறிய குமிழின் மேற்பரப்பில் களி போன்ற ஈரத்தோல் ஒன்று உண்டாகிறது. கண்ணாடியிலுள்ள சோடியம் அல்லது லித்தியம் அயன்கள் அங்கிருந்து வெளியேற, ஐதரசன் அயன்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. உட்பக்கத்திலும் இப்படித்தான், ஆனால் உள்ளே அடைத்திருக்கும் கரைசலின் பீஎச் மாறுவதில்லை. வெளிக்கரைசலில் அமிலம் கூடினால் வெளித்தோலின் நேரேற்றம் மட்டும் கூடும். இரு தோல்களுக்கும் இடையிலான அந்த வேறுபாட்டைத்தான் மானி அளக்கிறது: 25 பாகை செல்சியசில் ஒரு பீஎச் அலகுக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட். ஐதரசன் அயன் கண்ணாடியைத் துளைத்து மறுபக்கம் போகிறது என்று நினைக்க வேண்டாம். நடுவிலுள்ள உலர்ந்த கண்ணாடியில் மின்னேற்றத்தைச் சுமப்பவை சோடியம், லித்தியம் அயன்களே.

வேதியியலாளர்கள் ஹாபரும் கிளெமென்சீவிச்சும் 1909இலேயே இந்த மின்வாயை அமைத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய தடையினூடாக அளக்கும் கருவிதான் கைக்கு எட்டவில்லை. 1934இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்னோல்ட் பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வெற்றிடக் குழாய்ப் பெருக்கியோடு ஒரு மானி செய்தார். புளிப்புக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

மானியின் கோல் காய்ந்துவிட்டது. பொட்டாசியம் குளோரைட்டில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். வயலுக்குப் போடும் எம்.ஓ.பி. பசளையும் அதுதானே, கரைத்து ஊற்றலாமா?
– விவசாயி, ஒட்டுசுட்டான்

கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வேண்டாம். பெயர் ஒன்றுதான், பசளையில் இரும்பு முதலான கலப்புகள் உண்டு, அவை கோலின் நுண்துளை இணைப்பை (உள்ளிருக்கும் உப்புக் கரைசல் வெளிக்கரைசலைத் தொடும் இடத்தை) அடைத்துவிடும். ஆய்வுகூடத் தரத்தில் 22 கிராம் எடுத்து, 100 மில்லிலீற்றர் கரைசலாக்கி இரவு முழுக்க ஊறவையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உள்ளிருக்கும் உப்பு வெளியே கசிந்துபோகும். ஊறியபின் பீஎச் 7, பீஎச் 4 தாங்கற் கரைசல்களில் (பீஎச் எளிதில் மாறாத, அளவு தெரிந்த கரைசல்களில்) சரிபாருங்கள். காட்டும் எண் நிலைக்காமல் அலைந்தால் புதுக் கோல்தான்.

கிணற்று நீர் காலையில் ஓர் எண், மதியம் ஓர் எண். மானி பழுதா?
– முல்லைத்தீவு வாசகர்

வாளியில் வைத்துவிட்டு அளந்தீர்களா? நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு மெல்ல வெளியேற, பீஎச் ஏறும். கிணற்றடியிலேயே, அள்ளிய உடனே அளவுங்கள். மானியின் வெப்பநிலைத் திருத்தம் மின்வாயின் சரிவை, அதாவது ஒரு பீஎச் அலகுக்கு எத்தனை மில்லிவோல்ட் என்பதை மட்டுமே திருத்தும் (35 பாகையில் அது ஏறத்தாழ 61 மில்லிவோல்ட்). நீரிலேயே நேரும் மாற்றத்தை அது தொடாது.

குமிழில் வெண்படிவு தெரிகிறதென்றால் அது பெரும்பாலும் சுண்ணாம்புதான். மிக ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடங்கள் வைத்தால் கரைந்துவிடும்.

எருமைத் தயிரை அளந்தபின் மானி மந்தமாகிவிட்டது.
– தயிர் விற்பவர், வவுனியா

புரதம் ஒட்டியிருக்கிறது. பெப்சின் (புரதத்தைச் செரிக்கும் நொதியம்) கலந்த ஐதான அமிலத்தில் சிறிது நேரம் வையுங்கள். துணியால் தேய்க்க வேண்டாம், மெல்லிய தாளால் ஒற்றியெடுங்கள். நானும் ஒருமுறை தேய்த்துப் பார்த்தேன். உராய்வில் ஏறிய நிலைமின்னால் எண் அரைமணி நேரம் அலைந்தது.