மேடை நடிகர்கள், வாள், கேமரா: ரசிகர் படம் எடுப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

சரித்திர சாகசக் கதைகள் மேல் உள்ள பிரியத்தில், ஊர் நாடக நடிகர்களைக் கொண்டு சொந்தச் செலவில் ரசிகர் படம் எடுக்கும் குழுக்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மேடை நடிகர்களைக் கேமராவுக்குப் பழக்கும் பயிற்சியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி (மதுரை): அண்ணே, எங்க படத்துல ரெண்டு பேர் ஸ்பெஷல் நாடகத்துல ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம் போடுறவங்க. வசனம் பேசினா மைக்ல சத்தம் உடைஞ்சு கிழியுது. குறைச்சுப் பேசுங்கன்னா வசனத்துல உயிரே இல்லாமப் போகுது. என்ன செய்யலாம்?

"குறைத்துப் பேசுங்கள்" என்று சொல்வதை முதலில் விடுங்கள். மேடைக் குரலின் பலம் தொண்டையில் இல்லை, மூச்சில் இருக்கிறது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் அவர்கள் மூச்சையும் சேர்த்துக் குறைத்துவிடுவார்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படும், முகமும் தளர்ந்துவிடும்.

அதற்குப் பதில் தூரத்தை மாற்றுங்கள். ஒரே வசனத்தை இருபது அடி தள்ளி நிற்பவரிடம் ஒரு முறை, பத்து அடியில் ஒரு முறை, மூன்று அடியில் ஒரு முறை பேச வையுங்கள். "எதிரில் இருப்பவருக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும்" என்பது ஒன்றே கட்டளை. மூச்சு அப்படியே இருக்கும், சத்தம் தானாக இறங்கும். கடைசி வரிசைக்குப் பேசிப் பழகியவருக்குக் கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

பதிவுப் பக்கமும் கவனிக்க வேண்டும். ஒலி அளவைச் சாதாரணப் பேச்சுக்கு வைக்காதீர்கள். காட்சியிலேயே உரக்க வரும் வரியைப் பேசச் சொல்லி, அதன் உச்சம் ரெக்கார்டர் மீட்டரில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ரெக்கார்டரில் இரண்டாம் டிராக் இருந்தால் அதே மைக்கை 10 அல்லது 12 டெசிபல் குறைத்துப் பதியுங்கள். முதல் டிராக் கிழிந்தால் அது காப்பாற்றும். மிக உரத்த ஒலியையும் பிறகு குறைத்து மீட்கத் தரும் 32 பிட் ஃபுளோட் ரெக்கார்டர் இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். மைக்கின் தலையிலேயே கிழிந்த ஒலியை எந்த ரெக்கார்டராலும் மீட்க முடியாது. காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே ஒட்டுங்கள். பதக்கமும் மாலையும் அதில் உரசினால், தலைப்பாகையின் முன் விளிம்புக்குள் மறைத்துவிடுங்கள். கத்திப் பேசும் காட்சிக்கு, நீண்ட கழியில் மாட்டித் தலைக்கு மேலே பிடிக்கும் பூம் மைக்தான் நல்லது.

கேள்வி (தஞ்சாவூர்): சார், க்ளோஸ்அப் வைத்தாலே புருவமும் கண்ணும் ஆடுகின்றன. எத்தனை முறை சொன்னாலும் நிற்கவில்லை.

புருவத்தைப் பற்றிச் சொன்னால் புருவம் இன்னும் ஆடும். ஷாட் எடுக்கும் வரிசையை மாற்றிப் பாருங்கள். காட்சி முழுவதையும் வைட் ஷாட்டில், நடுவே நிறுத்தாமல், இரண்டு மூன்று முறை ஓட விடுங்கள். நாடகக்காரர் ஓட்டத்தில்தான் சூடாவார். துண்டு துண்டாகக் கேட்டால் ஒவ்வொரு துண்டிலும் காட்சி முழுவதையும் நடித்துக் காட்டப் பார்ப்பார். புருவம் ஆடுவதற்குக் காரணம் அதுதான். வைட் முடிந்து, மிட் முடிந்து, கடைசியில் க்ளோஸ்அப்புக்கு வரும்போது உடம்பு அடங்கியிருக்கும். அழுகைக் காட்சிக்கு மட்டும் இந்த வரிசையைத் திருப்புங்கள். கண்ணீர் முதல் இரண்டு டேக்கில் நன்றாக வரும், பிறகு வற்றிவிடும்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஃபிரேம் எங்கே வெட்டுகிறது என்பதை நடிகரின் உடம்பிலேயே கையால் காட்டுங்கள்: "நெற்றி இங்கே, மார்பு இங்கே." மேடையில் தன் இடத்தைத் தெரிந்து நின்றவர்கள் அவர்கள். சட்டகம் தெரிந்ததும் தாங்களாகவே சுருக்கிக்கொள்வார்கள். எதிர் நடிகர் லென்ஸுக்கு ஒட்டி நிற்கட்டும். அவருடைய இரண்டு கண்களில் லென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் திரையில் விழி துள்ளுவது போலத் தெரியும். வைட் லென்ஸை முகத்துக்கு இரண்டடியில் நீட்டுவதைவிட, 50 அல்லது 85 மி.மீ. லென்ஸோடு ஆறடி தள்ளிப் போவது மேல். மூக்கும் பெரிதாகாது, நடிகருக்கும் கூச்சம் இருக்காது.

கேள்வி (புதுக்கோட்டை): எங்க பபூன் (நாடகக் கோமாளி) ஒவ்வொரு டேக்கிலும் புது வசனம் பேசுறார். எல்லாமே சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா எடிட்டிங்ல எதுவும் ஒட்டல.

ஒட்டாதுதான். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் பல ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் நேரே மேடையில் சந்திக்கிறார்கள். அந்த நேரத்தில் பிறப்பதுதான் பபூனின் கலை. அதைப் பூட்டினால் அவரை அழைத்ததற்கே அர்த்தம் இல்லை.

அவர் காட்சியை மட்டும் இரண்டு கேமராவில் எடுங்கள், ஒன்று பபூன் மேல், இன்னொன்று எதிராளி மேல். ஒரே நேரத்தில் பதிவதால் எந்தப் புது வசனத்துக்கும் எதிர்முகம் கிடைத்துவிடும். அவரிடம் மூன்றை மட்டும் பூட்டுங்கள்: நுழையும் வரி, வெளியேறும் வரி, கைப்பொருளை எடுக்கும் சொல். பானையை "தண்ணி" என்ற சொல்லில் எடுத்தால் எல்லா டேக்கிலும் அதே சொல்லில்தான் எடுக்க வேண்டும். இதைக் கவனிக்கவென்றே ஒருவரை வையுங்கள், அவருக்கு வேறு வேலை தராதீர்கள். காட்சி எண், ஷாட், டேக், எந்தக் கையில் என்ன பொருள், மீசை, வியர்வை, இரத்தக் கறை என்று ஒரு தாளில் குறிக்கட்டும். ஒவ்வொரு ஷாட் முடிவிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கட்டும்.

பபூனும், தெருக்கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரனும் பார்வையாளரைப் பார்த்துப் பேசுகிறவர்கள். லென்ஸைப் பார்க்கலாமா கூடாதா என்பதை எழுதும்போதே முடிவு செய்யுங்கள். படம் முழுக்கப் பலமுறை பார்த்தால் அது பாணி. ஒரே ஒரு முறை பார்த்தால் தவறு என்றுதான் நினைப்பார்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): வாள் சண்டை எடுக்கப் போகிறோம். இருவரும் சிலம்பம் தெரிந்த மேடை நடிகர்கள். என்னென்ன கவனிக்க வேண்டும்?

சிலம்பம் தெரிந்தவர் என்பது பாதி வரம், பாதி ஆபத்து. கால் வைப்பும் சமநிலையும் அருமையாக இருக்கும். ஆனால் அவருடைய கை இடைவெளி தெரிந்தால் உள்ளே புகுந்து தொடப் பழகிய கை. திரைச் சண்டையில் தொடக் கூடாது. அதனால் முதல் ஒத்திகையில் வாளே வேண்டாம், இரண்டடி மூங்கில் குச்சி போதும்.

வாளைப் பற்றி. கூர் தீட்டாத அலுமினியப் பட்டை போதும். விளிம்பு 3 மி.மீ.க்குக் குறையாமல் உருட்டப்பட்டிருக்க வேண்டும், முனை ஒரு ரூபாய் நாணயத்தின் வளைவில் இருக்க வேண்டும். அலகு கைப்பிடிக்குள் கடைசி வரை ஓடி, இரண்டு போல்ட்டில் பிடித்திருக்க வேண்டும். பட்டறையில் கைப்பிடியை வெல்டு வைத்துத் தருவார்கள், வாங்காதீர்கள். மோதி மோதி வெல்டு விட்டுப் போகும்போது அலகு பறக்கும். அலுமினியம் மோதிய இடத்தில் பிசிறு எழும்பும், அது சதையைக் கிழிக்கும். ஒவ்வொரு இடைவேளையிலும் அரம் போட்டு வழித்துவிடுங்கள். அலுமினிய வாளையும் இரும்பு வாளையும் ஒரே சண்டையில் மோத விடாதீர்கள்.

அசைவுகளை ஐந்தாறாகப் பிரித்து ஒரு தொடராக்குங்கள். மேடையில் மூன்று நிமிடச் சண்டையை ஒரே மூச்சில் போடுவார்கள், படத்துக்கு அது தேவையில்லை. ஒவ்வொரு தொடரும் முந்தைய தொடரின் கடைசி அசைவிலிருந்து தொடங்கட்டும், எடிட்டிங்கில் வெட்டும்போது ஒட்டும். ஒவ்வொரு அடிக்கும் வரிசை ஒன்றுதான்: கண்ணைப் பார், வாளை ஓங்கிக் காட்டு, எதிராளி நகரத் தொடங்கட்டும், அதற்குப் பிறகு வீசு. அடி வாங்குபவர்தான் அடியை ஓட்டுகிறார். இது தலைகீழானால் அன்றே ஒரு விரல் போகும். வெட்டு உடம்புக்கு வெளியே குறி வைக்கப்பட வேண்டும், முனை எப்போதும் ஒரு சாண் தள்ளியே நிற்க வேண்டும். முகத்துக்கு நேரே குத்து கூடவே கூடாது. அந்த இடைவெளியை லென்ஸ் மறைத்துவிடும்: கேமராவை ஒருவரின் தோளுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், 85 மி.மீ.யில் வையுங்கள். பக்கவாட்டில் வைத்தால் இடைவெளி பல்லிளிக்கும். மேடைச் சண்டை பக்கவாட்டில் பார்ப்பதற்காகவே கட்டப்பட்டது, அதனால் நடிகர்கள் பழக்கத்தில் கேமராவுக்குத் திறந்து நிற்பார்கள். திருப்பி நிறுத்துங்கள்.

ஒத்திகை கால் வேகம், அரை வேகம், முக்கால் வேகம் என்று ஏறட்டும். படப்பிடிப்பும் முக்காலிலேயே நிற்கட்டும். வேகம் ஷட்டரிலும் எடிட்டிங் வெட்டிலும் வரும். 25 ஃபிரேமில் எடுக்கிறீர்கள் என்றால் வழக்கமான 1/50 ஷட்டரை 1/100 ஆக்குங்கள், வாள் தெளிவாகத் தெரியும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இந்த இரண்டு ஷட்டரிலும் சாதாரண விளக்குகள் மினுங்குவதில்லை. எடுக்கும் நாளில் ஒவ்வொரு தொடரையும் முதலில் அரை வேகத்தில் ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் கேமரா ஓட வேண்டும். மாலையில் களைத்த பிறகு புது அசைவு சேர்க்காதீர்கள், இயக்குநருக்கு எவ்வளவு நல்ல யோசனை வந்தாலும் சரி.

கேள்வி (சென்னை): ஒட்டு மீசை மதியத்துக்குள் உரிந்துவிடுகிறது.

தோலில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. பவுண்டேஷன் போட்ட பிறகு மேலே ஒட்டுவதும் காரணம். மீசை ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்ந்த தோலில் மீசை ஒட்டும் பசையான ஸ்பிரிட் கம் மெல்லிசாகத் தடவுங்கள். உடனே ஒட்டாதீர்கள், விரலால் தொட்டால் நூல் இழுக்கும் வரை பொறுத்து, பிறகு ஈரமில்லாத துணியால் அழுத்துங்கள். மூக்குக்கு நேர்கீழே விடும் சிறு இடைவெளி வியர்வையை வழிய விடும். பவுண்டேஷன் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மேடை அரிதாரம் இங்கே உதவாது. தூரத்திலிருந்து பார்ப்பதற்காகப் போட்ட கோடுகள் க்ளோஸ்அப்பில் கோடுகளாகவே தெரியும். மூத்த கலைஞர்கள் தாங்களே முகம் எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். அழிக்கச் சொல்வது மரியாதைக் குறைவாகப் படும். அதனால் முதல் நாளே ஒரு சோதனை ஷாட் எடுத்து அவருக்கே காட்டுங்கள். அவரே அழிப்பார்.

கேள்வி (திருநெல்வேலி): நாங்க லாபத்துக்கு எடுக்கல. அப்பவும் உரிமை வாங்கணுமா?

லாபம் இல்லை என்பது மட்டும் இந்தியாவில் அனுமதி ஆகாது. "ரசிகர் படம்" என்று பதிப்புரிமைச் சட்டத்தில் தனி விலக்கு எதுவும் இல்லை. எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கல்கி 1954இல் மறைந்தார். அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட கதைகளின் உரிமை 2014 முடிவோடு தீர்ந்தது, அவற்றை யாரும் எடுக்கலாம். ஆனால் அதே கதையைப் பிறர் எடுத்த படத்தின் உடை வடிவம், இசை, புதிதாகச் சேர்த்த வசனம், பத்திரிகை ஓவியம் எல்லாவற்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. மூல எழுத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

வெளிநாட்டுத் தொடர்களை வைத்து ரசிகர் படம் எடுப்பதாக இருந்தால் அந்தந்த உரிமையாளரின் விதியைப் படியுங்கள். அமெரிக்க விண்வெளித் தொடரான ஸ்டார் டிரெக்கின் உரிமையாளர்கள் 2016இல் வெளியிட்ட விதிகளின்படி ஒரு கதை 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது இரண்டு பகுதிகளாக 30 நிமிடம். நடிப்பவர்கள் சம்பளம் வாங்காத அமெச்சூர்களாக இருக்க வேண்டும். நாடகத்தைத் தொழிலாகச் செய்கிறவரை வைத்து எடுத்தால் அங்கேயே சிக்கல் வரும்.

கேள்வி (விழுப்புரம்): தோழர், கூத்துக் கலைஞர்களுக்கு எப்போது தேதி கேட்பது? சம்பளம் எப்படி?

பங்குனி முதல் ஆடி வரை கேட்காதீர்கள். திரௌபதி அம்மன் திருவிழாக் காலம், இரவு முழுக்க ஆடிவிட்டு வருகிறவரைப் பகல் வெயிலில் நிறுத்தக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை உங்களுக்கு ஆகாது. தையும் மாசி முற்பாதியும்தான் இரு தரப்புக்கும் பொருந்தும்.

சம்பளத்தை ஒரு இரவுக் கூத்துக்கு அவர் வாங்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பேசுங்கள், அதற்குக் குறையக் கூடாது. பயணச் செலவும் சாப்பாடும் அதில் சேராது. "யூடியூபில் வருமானம் வந்தால் பங்கு" என்று சொல்லாதீர்கள், ரசிகர் படத்தில் வராது. முகம், குரல், பெயர் எங்கே பயன்படும், டப்பிங்குக்கு எத்தனை நாள் என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். சண்டை இருந்தால் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): குதிரைக் காட்சி இல்லாமல் சாகசப் படமா?

நிஜக் குதிரைக்கு இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் முன்னனுமதி வேண்டும். ஓட்டத் தெரியாத நடிகரை ஏற்றுவது அதைவிடப் பெரிய தலைவலி. ஒரு டிரம் மேல் சாக்கு மெத்தையும் சேணமும் கட்டுங்கள், இருவர் கீழே பிடித்து ஆட்டட்டும். ஃபிரேம் இடுப்புக்கு மேலேதான். கேமராவைத் தாழ்த்தி வானத்தைப் பின்னணியாக்கினால் குதிரை ஓடாமல் நிற்பது தெரியாது. லென்ஸுக்கு முன்னால் வேப்பங்கிளைகளோடு நாலு பேர் வரிசையாக ஓடட்டும். குளம்பொலியைத் தேங்காய்ச் சிரட்டையில் தனியாகப் பதியுங்கள். கற்பனைக் குதிரையில் மேடையைச் சுற்றி வந்து பழகியவர்கள் கூத்துக் கலைஞர்கள். மேல் உடம்பின் குலுக்கலை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கடிவாளக் கை மட்டும் எல்லா டேக்கிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டில் எடுக்கிறோம், கவசத்தில் நடிகர் மயங்குகிறார்.

தகரக் கவசமாக இருக்கும். 6 மி.மீ. ஈவிஏ ஃபோமில் (லேசான, ரப்பர் போன்ற தாள்) செய்து, சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் வளைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மூன்று கோட் பூசி, மேலே பெயிண்ட் அடியுங்கள். முதுகுப் பக்கம் திறந்தே இருக்கட்டும். காலை ஆறிலிருந்து ஒன்பதரை, மாலை நாலுக்கு மேல் மட்டும் கவசக் காட்சி. நடுப்பகலில் நிழலில் க்ளோஸ்அப், வசனப் பதிவு. அரை மணிக்கு ஒரு முறை உப்புப் போட்ட மோர் கொடுங்கள், கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். நாடகக்காரர் காட்சி நடுவே தண்ணீர் கேட்க மாட்டார். செம்மணல் லென்ஸ் வளையத்துக்குள் போகும், அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள்.