விளம்பர வேகத்தை நம்பலாமா?

கேள்வி: கிரிப்டோ நாணயம் ஈட்டும் எஃப்.பி.ஜி.ஏ. (வாங்கிய பிறகும் உள்சுற்றை மாற்றியமைக்கக்கூடிய சில்லு) பலகை ஒன்றுக்கு முன்பணம் கேட்கிறார்கள். விற்பவர் சொல்லும் வேகத்தை நம்பலாமா?

பதில்: விற்பவரோடு தொடர்பில்லாத ஒருவர் சரிபார்க்கும் வரை நம்ப வேண்டாம். அமெரிக்காவின் பட்டர்ஃப்ளை லேப்ஸ் நிறுவனம், தனது முதல் எஃப்.பி.ஜி.ஏ. கருவி ஏறத்தாழ 20 வாட் மின்சாரத்தில் விநாடிக்கு 1 கிகாஹாஷ், அதாவது 100 கோடி ஹாஷ் (நாணயம் ஈட்டக் கருவி செய்யும் கணக்கீட்டு முயற்சி) தரும் என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கைக்கு வந்ததோ சுமார் 80 வாட் இழுத்து 832 மெகாஹாஷ் (83.2 கோடி ஹாஷ்) தந்த கருவி. வேகக் குறைவைவிட, நான்கு மடங்கான மின்செலவே பெரிய அடி. பிற்காலக் கருவிகளுக்கு முன்பணம் பெற்று உரிய நேரத்தில் அனுப்பவில்லை என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2014இல் அந்நிறுவனத்தின் மீது வழக்கும் தொடுத்தது.

மென்பொருள் திரையில் காட்டும் எண் சான்றாகாது. அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதிவிடலாம். பிட்காயின் முறையில் கடினநிலை 1 (அடிப்படை அளவு) கொண்ட ஒரு பங்கை, அதாவது வேலை செய்ததற்குச் சான்றான ஒரு விடையைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 429 கோடி ஹாஷ்கள் தேவைப்படுவதால், மைனிங் பூல் (பலர் கருவிகளை இணைத்து நாணயம் ஈட்டும் குழு) ஒரு முழு நாளில் ஏற்றுக்கொண்ட பங்குகளைக் கொண்டே உண்மையான வேகத்தைக் கணக்கிட முடியும். சில நிமிடங்களின் கணக்கு தற்செயலால் ஏறி இறங்கும். மின்சாரத்தையும் சுவர்ப் பிளக்கில் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.