குன் முதல் ஜியன் வரை: வாசகர் கேள்விகள்

மூன்று மாதமாகச் சீனத் தற்காப்புக் கலையான வூஷுவில் குதிரை நிலையும் வில் நிலையும் பழகுகிறேன். நேரே ஜியன் (இருபுறமும் கூருள்ள நேர்வாள்) எடுக்கலாமா?

வேண்டாம், குன், அதாவது கம்பு, எடுங்கள். தாவுக்கு (ஒருபுறம் கூருள்ள வளைந்த வாள்) நூறு நாள், ஈட்டிக்கு ஆயிரம், ஜியனுக்குப் பத்தாயிரம் என்பது சீனத்தில் புழங்கும் கணக்கு. கம்புக்கு ஒரு மாதம் போதும் என்று இன்னொரு வழக்கும் உண்டு. இடுப்பில் பிறந்த விசை ஆயுதத்தின் நுனிவரை போகிறதா என்பதைக் கம்பு உடனே காட்டிக்கொடுக்கும். மிங் காலத் தளபதி யூ தாயூ எழுதிய நூலின் பெயரே ‘வாள் நூல்’தான். உள்ளே இருப்பதோ கம்பு!

கம்பு எவ்வளவு நீளம், என்ன மரம்?

பழைய அளவு புருவ உயரம். மேடைப் போட்டிக்கென்றால் உங்கள் உயரத்துக்குக் குறையக் கூடாது. மரம் வெள்ளை மெழுகு மரம். மெழுகுப் பூச்சியை அதில் வளர்ப்பதால் வந்த பெயர். அடி தடித்து நுனி மெலிந்து, வளைந்தால் நிமிரும். வெயிலில் சாய்த்து வைத்தால் கோணிவிடும். பழகுமுன் துணியால் ஒருமுறை உருவுங்கள். துணி சிக்கும் இடத்தில் சிராய் கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம், உப்புத்தாளால் தேயுங்கள்.

என் வாள் சரியாக வரவில்லை. என்ன செய்ய?

தாவா, ஜியனா? எடை என்ன? எந்த அசைவில் சரியாக வரவில்லை? இதையெல்லாம் எழுதாமல் கேட்டால் நான் சோழி உருட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஈட்டியில் லான், நா என்ற வட்டத் தடுப்புகளைப் போடும்போது நுனி குடம் அளவுக்கு வட்டமடிக்கிறது.

முன்னால் பிடித்த கையால் (முன்கை) கிண்டுகிறீர்கள். இடது கை முன்னால் என்றால், அது தளர்ந்த குழாய் மட்டுமே. வேலை வலது கைக்கும் இடுப்புக்கும். தண்டின் கடைக்கோடி வலது இடுப்பை விட்டு விலகக் கூடாது. லானில் நுனி இடப்பக்கம் வளையும், நாவில் உள்ளங்கை கீழ்நோக்கிப் புரள, நுனி வலப்பக்கம் வளைந்து அமுக்கும். பின்கை நாலு விரல் நகர்ந்தாலே நுனி ஏறக்குறைய ஒரு சாண் நகர்ந்துவிடும், அதனால் குறைவாக அசையுங்கள். சுவரில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டம் வரைந்து அதைத் தாண்டாமல் தினம் நூறு போடுங்கள். பிறகுதான் ஜா என்ற குத்து: பின்கை முன்கையைத் தொடும்வரை தண்டு நேராக ஓட வேண்டும். பாதியில் நின்றால் குத்தில் பலம் இருக்காது.

ஆன்லைனில் பளபளப்பான தாவ் வாங்கினேன். 300 கிராம்தான். வீசினால் ‘சடசட’வென்று அருமையாகச் சத்தம் வருகிறது. அடிப்படை பழக இது போதுமா?

போதாது. இந்தத் தகர வாளைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் கடிதம் நிற்பதில்லை. அந்தச் சத்தம் உங்கள் வேகத்தின் சத்தமல்ல, மெல்லிய தகடு துடிக்கிற சத்தம். மேடைக்கு அது அழகு. கற்பவருக்குக் கேடு, ஏனென்றால் விளிம்பு காற்றை நேராக அறுக்கிறதா, தட்டையாக அடிக்கிறதா என்று கைக்குத் தெரியாமலே போய்விடும். விறைப்பான தகடு சரியாக வீசினால் குறுகலாக ஒரு சீறல், அவ்வளவே. இரண்டாவது கேடு: எடை இல்லாததால் மணிக்கட்டே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிடும், இடுப்பு தூங்கும். அந்தப் பழக்கத்தோடு ஒரு நாள் 800 கிராம் வாளைப் பிடித்தால் முழங்கை வலிக்கும். பழைய தாவும் ஜியனும் பெரும்பாலும் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை.

வாங்குமுன் தகட்டைக் கிடைமட்டமாகப் பிடித்துப் பாருங்கள், நுனி தொங்கினால் திருப்பிக் கொடுங்கள். எடை நடு (விரலில் வைத்தால் வாள் சமமாக நிற்கும் இடம்) கைக்காப்புக்கு முன்னே ஒரு சாணுக்குள் இருக்கட்டும். இடது கையில் தலைகீழாகப் பிடித்துக் கையைத் தொங்கவிட்டால் நுனி காதளவு வர வேண்டும். ‘லொங்ச்சுவான்’ என்று பொறித்திருப்பது தரச்சான்று அல்ல. அது வாளுக்குப் பெயர்போன, சீனாவின் செச்சியாங் மாகாணத்து ஊர் என்பதால் எவரும் பொறிப்பார்கள். முதல் ஆறு மாதம் மரத் தாவ் போதும். எதுவானாலும் கைப்பிடி ஆடுகிறதா என்று பார்க்காமல் வீசாதீர்கள்.

சான்தோ (வாளைத் தலையையும் முதுகையும் சுற்றிக் கொண்டுவரும் அசைவு) சுற்றும்போது தாவ் தோளில் இடிக்கிறது.

நுனியைத் தொங்கவிடாமல் சுற்றுகிறீர்கள். கைப்பிடி தலைக்கு மேலே, நுனி கீழே, வாளின் முதுகு உங்கள் முதுகை உரசியபடி போக வேண்டும். விளிம்பு எப்போதும் வெளியே. கண்ணாடி முன் மெதுவாக, மரத் தாவில்.

இரட்டைத் தாவ் எப்போது?

‘ஒற்றைத் தாவில் வெறுங்கையைப் பார், இரட்டைத் தாவில் நடையைப் பார்’ என்பார்கள். உங்கள் வெறுங்கை இன்னும் சும்மா தொங்குகிறதா? அப்படியானால் இப்போது இல்லை.

ஈட்டியில் சிவப்புக் குஞ்சம் அழகுக்கா?

இரத்தம் தண்டில் வழிந்து பிடி வழுக்காமல் இருக்க, எதிராளியின் கண்ணை ஏமாற்ற. குஞ்சத்தை விலக்கி, முனை ஆடுகிறதா என்றும் பாருங்கள். கைப்பிடிக்குச் சொன்னதேதான்.